சாஃப்ட்வேர் டெஸ்டர் ஆவது எப்படி: முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

ரயில் டிக்கெட் முன்பதிவுப் படிவத்தில் வயதுக்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் 25 என்று போட்டு, டிக்கெட் வந்ததும் ‘சரியாக இருக்கிறது’ என்பவர் பயணி. விதியைப் படித்துவிட்டு 4, 5, 11, 12 என்று நான்கு வயதையும் போட்டுப் பார்ப்பவர் டெஸ்டர். 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 நிறைந்து 12 நிறையாத குழந்தைக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். விதி திரும்பும் முனைகள் 5-உம் 12-உம்தான். ‘5-ஐ விடக் குறைவு’ என்று எழுத வேண்டிய டெவலப்பர் ‘5 அல்லது அதைவிடக் குறைவு’ என்று ஒரே ஒரு குறியைக் கூட்டி எழுதிவிட்டால், 25 போட்டுப் பார்த்தவர் கண்ணில் அது படவே படாது.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியம். இப்போது 60 நாள் முன்னதாகவே பதிவு செய்யலாம். பதிவு நாளில் குழந்தைக்கு 4 வயது. நடுவில் பிறந்தநாள் வருகிறது. பயண நாளில் 5. கட்டணத்துக்கு எந்த வயதை எடுப்பது? விதி எழுதிய ஆவணத்தில் இதற்குப் பதில் இல்லை என்றால், நிரல் எழுதத் தொடங்கும் முன்பே அதைக் கேட்டு வாங்கித் தருவது டெஸ்டரின் வேலை. அப்படி ஒரு கேள்வியைத் தொடக்கத்தில் கேட்டால் ஐந்து நிமிடப் பேச்சில் முடிந்துவிடும். வெளியீட்டுக்குப் பிறகு தெரியவந்தால் திருத்தம், மறுசோதனை, பணத்தைத் திருப்பித் தருதல், வாடிக்கையாளர் புகார் என்று நீளும்.

இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ‘செலினியம் படிக்கட்டுமா, பிளேரைட் படிக்கட்டுமா’ என்றுதான் தொடங்குகிறார்கள். இரண்டும் பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவிகள். கருவி இரண்டு மாதத்தில் கைவந்துவிடும். எங்கே உடையும் என்று ஊகிப்பதும், உடைந்ததை இன்னொருவர் அப்படியே செய்து பார்க்கும்படி எழுதுவதும் வரத்தான் நாளாகும். அதனால் இந்த வழிகாட்டியில் கருவிகள் பின்னால்தான் வருகின்றன. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், ஆறு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யார் வரலாம்

கணினி அறிவியல் பட்டம் கட்டாயமில்லை. பி.எஸ்சி. கணிதம், பி.காம்., மெக்கானிக்கல் படித்தவர்கள் நிறையப் பேர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். கணக்குப் பதிவியல் தெரிந்தவருக்கு வங்கி, காப்பீட்டு மென்பொருள் சோதனையில் கூடுதல் மதிப்பும் உண்டு. ஆனால் கல்லூரி வளாகத் தேர்வு வழியாக ஆள் எடுக்கும் பெரிய சேவை நிறுவனங்களில் பல 10, 12, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் இல்லாமை என்று வரம்பு வைக்கின்றன. அந்த வரம்புக்குள் வராதவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள நடுத்தர, சிறிய நிறுவனங்களைக் குறிவையுங்கள். அங்கே மதிப்பெண்ணைவிட, நீங்கள் செய்து காட்டும் வேலைக்குத்தான் கவனம் அதிகம்.

முதல் மாதம்: எதைப் போட்டுப் பார்ப்பது

நான்கு உத்திகளை முதலில் கையில் பிடியுங்கள். ஒரே மாதிரி நடத்தப்படும் மதிப்புகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒன்றை மட்டும் சோதிப்பது முதலாவது. கூட்டங்களின் எல்லையில் நிற்கும் மதிப்புகளைச் சோதிப்பது இரண்டாவது. பல நிபந்தனைகள் ஒன்றுசேரும் இடத்தில் அட்டவணை போடுவது மூன்றாவது. ஒரு பொருள் ஒரு நிலையிலிருந்து எந்தெந்த நிலைக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று படம் வரைவது நான்காவது. இவற்றின் ஆங்கிலப் பெயர்களை நேர்காணலில் கேட்பார்கள்: ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷனிங், பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ், டெசிஷன் டேபிள், ஸ்டேட் டிரான்சிஷன். பெயர்களைப் படிப்பதற்கு முன் செய்து பழகுங்கள்.

ரயில் உதாரணத்தையே எடுப்போம். வயதில் மூன்று கூட்டம்: 0–4, 5–11, 12-உம் அதற்கு மேலும். படுக்கை வேண்டும், வேண்டாம் என்று இரண்டு. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு வரிசை. அட்டவணை போட்டு ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே கட்டணம் எழுதினால் இரண்டு வரிசைகள் கண்ணில் உறுத்தும். ஒன்று, 12 வயது நிறைந்தவர் ‘படுக்கை வேண்டாம்’ என்பது: அந்தத் தேர்வைத் திரையில் காட்டவே கூடாது அல்லவா? மற்றொன்று, 4 வயதுக் குழந்தைக்குப் படுக்கை கேட்பது: அதற்கு முழுக் கட்டணம். அட்டவணை போடாமல் மனக்கணக்காகச் சோதிப்பவர்கள் தவறவிடுவது இப்படிப்பட்ட மூலைகளைத்தான். பயணிகள் எண்ணிக்கைக்கும் இதே முறை. ஒரு டிக்கெட்டில் 6 பேர், தட்கலில் 4 பேர். ஆகவே 0, 1, 6, 7; தட்கலுக்கு 4, 5. சாதாரணப் பதிவில் 6 பேரைச் சேர்த்துவிட்டு, பிறகு கோட்டாவைத் தட்கலுக்கு மாற்றினால் என்ன ஆகும்? இது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும் இடம். பிழைகள் இங்கே குடியிருக்கும்.

இந்த உத்திகளை நிஜமான ரயில் தளத்தில் பழக வேண்டாம். பயிற்சிக்கென்றே வேண்டுமென்று பிழை வைத்த தளங்கள் இருக்கின்றன. ‘சாஸ் டெமோ’ அதில் நல்ல தொடக்கம். 6 பொருள்கள் கொண்ட சிறிய கடை. உள்நுழையும் பெயர்களும் கடவுச்சொல்லும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். முதலில் ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ பெயரில் நுழைந்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் எப்படி இருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘பிராப்ளம் யூசர்’ பெயரில் அதே வழியில் போங்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே நாய்ப் படம் வருவது முதல் நொடியிலேயே தெரியும். அதோடு நிறுத்தாமல், வரிசைப்படுத்தும் பட்டியலையும், முகவரிப் பக்கத்தில் கடைசிப் பெயர்க் கட்டத்தையும் தொட்டுப் பாருங்கள். குறைந்தது ஐந்து பிழைகளைக் கண்டுபிடித்து எழுதிவைத்தால் முதல் மாதம் வீணில்லை.

பிழை அறிக்கை: இங்கேதான் மெனக்கெட வேண்டும்

டெஸ்டரின் கையெழுத்து என்று ஒன்று உண்டென்றால் அது பிழை அறிக்கைதான். ‘பேமென்ட் வேலை செய்யவில்லை, உடனே பார்க்கவும்’ என்று எழுதினால், டெவலப்பர் திறந்து பார்ப்பார், அவரிடம் வேலை செய்யும், ‘மீண்டும் நிகழவில்லை’ என்று மூடிவிடுவார். தப்பு அவருடையதல்ல. ஒழுங்கான அறிக்கை இப்படி இருக்கும்:

தலைப்பு: தட்கல் பதிவில் 4 பயணிகளில் ஒருவரை நீக்கிவிட்டு வேறொருவரைச் சேர்த்தால் ‘அதிகபட்ச எண்ணிக்கை தாண்டியது’ என்று தடுக்கிறது.
சூழல்: பயிற்சிச் செயலி, பில்ட் (செயலியின் பதிப்பு) 2.3.1, ஆண்ட்ராய்டு 14, வைஃபை.
முன்நிலை: சாதாரணப் பயனர் கணக்கு, வண்டியும் தேதியும் தேர்ந்தெடுத்த பிறகு.
படிகள்:
1. கோட்டாவில் தட்கலைத் தேர்ந்தெடுக்கவும்.
2. 4 பயணிகளைச் சேர்க்கவும்.
3. இரண்டாவது பயணியை நீக்கவும். பட்டியலில் 3 பேர் தெரிகிறார்கள்.
4. ‘பயணியைச் சேர்’ பொத்தானை அழுத்தவும்.
எதிர்பார்ப்பது: நான்காவது பயணிக்கான வெற்றுப் படிவம் திறக்க வேண்டும்.
நடப்பது: ‘அதிகபட்ச எண்ணிக்கை தாண்டியது’ என்ற செய்தி வருகிறது; படிவம் திறக்கவில்லை.
எத்தனை முறை: 5 முறை முயன்றதில் 5 முறையும்.
இணைப்பு: 20 நொடித் திரைப்பதிவு.

தலைப்பை மட்டும் படித்தாலே எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு படியில் ஒரு செயல். எதிர்பார்ப்பது, நடப்பது இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் கலந்தால் எது விதி, எது பிழை என்று குழம்பும். ஓர் அறிக்கையில் ஒரு பிழை மட்டும். இரண்டைச் சேர்த்தால் ஒன்றைத் திருத்திவிட்டு மூடிவிடுவார்கள், மற்றது காணாமல் போகும்.

அனுப்புவதற்கு முன் இன்னும் பத்து நிமிடம் செலவிட்டு வட்டத்தைச் சுருக்குங்கள். கடைசிப் பயணியை நீக்கினாலும் வருகிறதா? தட்கல் இல்லாத பதிவில் 6 பேரிலும் வருகிறதா? பக்கத்தை மீண்டும் திறந்தால் சரியாகிறதா? மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால், திரையில் பெயர் நீங்கினாலும் நினைவில் வைத்திருக்கும் எண்ணிக்கை குறையவில்லை என்று டெவலப்பரே ஊகித்துவிடுவார். உங்கள் பத்து நிமிடம் அவருக்கு அரை நாளை மிச்சப்படுத்தும். குழுவில் மரியாதை இப்படித்தான் வருகிறது.

சிவியாரிட்டி, பிரையாரிட்டி இரண்டையும் புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, பிழை எவ்வளவு சேதம் செய்கிறது என்பது, டெஸ்டர் சொல்வது. இரண்டாவது, எவ்வளவு சீக்கிரம் திருத்த வேண்டும் என்பது. வணிகத் தரப்பு முடிவு செய்வது. முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரிலேயே எழுத்துப் பிழை இருந்தால் சேதம் குறைவு, அவசரம் அதிகம். பத்தாண்டுக்கு முந்தைய அறிக்கையைத் திறந்தால் செயலி நின்றுபோகிறது, ஆனால் அதை யாரும் திறப்பதில்லை என்றால் சேதம் அதிகம், அவசரம் குறைவு.

தமிழ் தெரிந்தவர் கையில் இருக்கும் சோதனைத் தரவு

பாடங்களில் வராத, ஆனால் நமக்கு இயல்பாகவே தெரிந்த ஒரு பகுதி இது. இந்தியாவில் பயன்படும் எந்தச் செயலிக்கும் இது பொருந்தும். உங்களை மற்ற விண்ணப்பதாரர்களிலிருந்து பிரித்துக் காட்டவும் செய்யும்.

பெயரில் தொடங்குங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ‘கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது 2 எழுத்து’ என்று படிவம் கேட்டால் ஒற்றைத் தலைப்பெழுத்துக்காரர் உள்ளேயே நுழைய முடியாது. தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தால் ‘தவறான குறியீடு’ என்று தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது நீளம். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். பெயர்க் கட்டத்துக்கு ‘20 எழுத்து’ என்று வரம்பு போட்டவர் இவற்றில் எதை எண்ணினார்? பைட்டை எண்ணியிருந்தால் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும், கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். குறுஞ்செய்தியிலும் இதே சிக்கல். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் ஒரு செய்தி, தமிழில் 70 குறிதான். அதைத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரியும். கொம்பும் புள்ளியும் கணக்கில் சேரும். செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டும் நிறுவனத்துக்கு இது பணப் பிரச்சினை.

தேடலில் இன்னொரு நுணுக்கம். ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு விசைப்பலகையில் அடித்ததை இன்னொன்றில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். வரிசைப்படுத்துவதிலும் பாருங்கள்: யூனிகோடு எண்வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னால் வருகிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். எண்வரிசையை அப்படியே நம்பிய நிரல், பட்டியலைத் தப்பாக அடுக்கும். தமிழ் அறியாத டெவலப்பருக்கு இது தெரிய வழியே இல்லை. சொல்ல வேண்டியது நீங்கள்தான். தமிழ்ப் பெயர்ப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் திறந்து பார்க்கவும் மறக்காதீர்கள். கோப்பின் தொடக்கத்தில் குறியாக்க அடையாளம் இல்லாவிட்டால் எழுத்துகள் கந்தலாகித் தெரியும்.

இந்தியத் தரவுகளின் வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கைபேசி எண் 10 இலக்கம், 6 முதல் 9 வரை தொடங்கும். பின்கோடு 6 இலக்கம், 0-வில் தொடங்காது. பான் எண்ணில் 5 எழுத்து, 4 இலக்கம், 1 எழுத்து. ஐஎஃப்எஸ்சி 11 இடம், ஐந்தாவது எப்போதும் சுழியம். அங்கே ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுப் பாருங்கள். ஆதார் 12 இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். சோதனைக்கு உங்களுடைய, உறவினருடைய உண்மையான எண்களை ஒருபோதும் போடாதீர்கள். சோதனைத் தளங்களின் பாதுகாப்பு பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும்.

இரண்டாம், மூன்றாம் மாதம்: திரைக்குப் பின்னால்

குரோமில் எஃப்12 அழுத்தினால் திறக்கும் பலகையில் ‘நெட்வொர்க்’, ‘கன்சோல்’ இரண்டையும் பழகுங்கள். பொத்தானை அழுத்தியதும் எந்த வேண்டுகோள் போகிறது, என்ன பதில் வருகிறது என்று தெரிந்தால், பிழை திரையிலா சர்வரிலா என்று அறிக்கையிலேயே சொல்லிவிடலாம். பதில் எண்களில் 200, 201, 204, 400, 401, 403, 404, 500, 503 போதும். 401 என்றால் ‘நீ யாரென்று தெரியவில்லை’. 403 என்றால் ‘யாரென்று தெரியும், உனக்கு அனுமதியில்லை’.

பிறகு போஸ்ட்மேன்: திரை இல்லாமல் நேராகச் சர்வருக்கு வேண்டுகோள் அனுப்பிப் பார்க்கும் கருவி. ‘ரெஸ்ட்ஃபுல் புக்கர்’ என்ற பயிற்சி ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி), விடுதி அறைப் பதிவைப் போல் அமைந்தது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை தரவு பழைய நிலைக்குத் திரும்பும் என்பதால் பயமின்றிக் கைவைக்கலாம். ஒரு பதிவை உருவாக்குங்கள், படியுங்கள், டோக்கன் (நுழைவு அடையாளச் சீட்டு) இல்லாமல் திருத்த முயலுங்கள், நீக்குங்கள். நீக்கியதற்குப் பதிலாக 201 வரும். 201 என்றால் ‘உருவாக்கப்பட்டது’. நீக்கியதற்கு அது பொருந்துமா? அதை ஓர் அறிக்கையாக எழுதுங்கள். வெளியேறும் தேதியை நுழையும் தேதிக்கு முன்னால் கொடுத்தும், விலையில் எதிர்ம எண் கொடுத்தும் பாருங்கள்.

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் செலக்ட், வேர், ஜாயின், குரூப் பை, ஹேவிங் இவை ஐந்தும் தண்ணீர் பட்ட பாடாக இருக்க வேண்டும். ஆர்டர், பேமென்ட் என்று இரண்டு அட்டவணைகளை நீங்களே உருவாக்கி, பணம் வராத ஆர்டர்களை லெஃப்ட் ஜாயின் வைத்து எடுங்கள். ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் எடுத்ததை குரூப் பை, ஹேவிங் வைத்துப் பிடியுங்கள். ‘நல்’ (எதுவும் பதியப்படாத வெற்று) மதிப்பைச் சமக்குறி போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் நேர்காணலில் தடுமாறுகிறவர்கள் அதிகம்.

நான்காம், ஐந்தாம் மாதம்: ஆட்டோமேஷன்

ஆட்டோமேஷன் என்பது சோதனைகளை நிரலாக எழுதித் தானாக ஓடவைப்பது. ஒரே நிரல்மொழி, ஒரே கருவி போதும். சேவை நிறுவனங்களில் ஜாவாவும் செலினியமும் இன்னும் பரவலாக இருக்கின்றன. புதிதாகத் தொடங்கும் திட்டங்களில் டைப்ஸ்கிரிப்ட் அல்லது பைத்தானோடு பிளேரைட்டைப் பார்க்கலாம். நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் 30 வேலை விளம்பரங்களை எடுத்து, எது அதிகம் கேட்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

செலினியம் என்றால் ஓர் எச்சரிக்கை. 4.6 பதிப்பிலிருந்து, பிரவுசரை இயக்க உதவும் டிரைவர் நிரலைக் கருவி தானே தேடி எடுத்துக்கொள்கிறது. டிரைவரைத் தனியே இறக்கி, அது இருக்கும் இடத்தை நிரலில் எழுதச் சொல்லும் பாடங்கள் பழையவை. அவற்றோடு நாள் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

சாஸ் டெமோவில் ஐந்து சோதனைகள் எழுதினால் போதும்: சரியான நுழைவு, தவறான நுழைவு, கூடையில் சேர்த்தல், விலை வரிசை, முழு வாங்கல். ஐந்தையும் தொடர்ந்து 20 முறை ஓட்டுங்கள். 20 முறையும் பச்சை (தேர்ச்சி) வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. காத்திருக்க ‘3 நொடி தூங்கு’ என்று எழுதியிருப்பீர்கள். வலை மெதுவானால் போதாது, வேகமானால் வீண். குறிப்பிட்ட உறுப்பு தெரியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். இம்ப்ளிசிட் (எல்லா உறுப்புக்கும் பொதுவாக), எக்ஸ்ப்ளிசிட் (குறிப்பிட்ட நிபந்தனைக்காக) என்ற இரண்டு வகைக் காத்திருப்பையும் கலந்திருப்பீர்கள். காத்திருக்கும் நேரம் கணிக்க முடியாமல் போகும். பக்கத்தின் உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கும் நீண்ட எக்ஸ்பாத் (உறுப்பு இருக்கும் பாதை) எழுதியிருப்பீர்கள். பக்கத்தில் ஒரு கட்டம் கூடினாலும் அது உடையும். சாஸ் டெமோவில் சோதனைக்கென்றே ‘டேட்டா-டெஸ்ட்’ அடையாளங்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். கடைசியாக, ஒரு சோதனை விட்டுச்சென்ற கூடையை இன்னொரு சோதனை நம்பியிருக்கும். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்க வேண்டும்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் பழகி, அதை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் நிரலை ஏற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகள் தானாக ஓடும்படி கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் அமைத்துவிட்டால் இந்தக் கட்டம் முடிந்தது.

சோதனை வழக்குகளை (டெஸ்ட் கேஸ்) எழுத இப்போது செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. பட்டியல் போட வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது எதை விட்டது என்று தேடுங்கள். பயண நாள் வயது போன்ற, ஆவணத்தில் எழுதப்படாத கேள்விகள் அதில் தவறிப்போக வாய்ப்பு அதிகம். வேலைக்குச் சேர்ந்தபின், வாடிக்கையாளரின் ஆவணத்தையோ தரவையோ பொதுச் சேவைகளில் ஒட்டாதீர்கள்.

பயிற்சி என்ற பெயரில் பிறருடைய தளத்தின் மீது ஜேமீட்டர் என்ற சுமைச் சோதனைக் கருவியை வைத்து ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களை ஏவுவதும், பாதுகாப்புச் சோதனை செய்வதும் கூடவே கூடாது. அனுமதியின்றி ஒரு கணினி அமைப்பை முடக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் வரும். 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. உங்கள் கணினியிலேயே ஓடும் பயிற்சிச் செயலியில் செய்யுங்கள். ‘ஜூஸ் ஷாப்’ அதற்கென்றே உருவானது.

சான்றிதழ் வேண்டுமா

மென்பொருள் சோதனைக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிக்யூபியின் ஃபவுண்டேஷன் லெவல் மட்டும் போதும். 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியானால் தேர்ச்சி, தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தேர்வு மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு 15 நிமிடம் கூடுதலாக உண்டு, கேட்டுப் பெறுங்கள். இப்போதைய பாடத்திட்டம் 2023-இல் வந்த 4.0, அதையும் மாதிரி வினாத்தாள்களையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இதற்காகப் பெரிய கட்டணத்தில் பயிற்சி மையம் தேவையில்லை. சான்றிதழ் உங்கள் விண்ணப்பத்தை வடிகட்டலில் தப்பவைக்கும். வேலையை வாங்கித் தருவது அடுத்து வருவது.

ஆறாம் மாதம்: காட்டுவதற்கு என்ன இருக்கிறது

ரெஸ்யூமில் ஒரு பக்கம் போதும். அதில் ஒரு இணைப்பு இருக்க வேண்டும். அந்த இணைப்பில் பத்து பிழை அறிக்கைகள், ஒரு டெசிஷன் டேபிள், போஸ்ட்மேன் தொகுப்பு, ஓடுகிற ஐந்து ஆட்டோமேஷன் சோதனைகள், இதை எப்படி ஓட்டுவது என்று ஒரு பக்கக் குறிப்பு. முடிந்தால் திறமூல மென்பொருளிலும் பங்களியுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டும் பக்சில்லா என்ற பிழைப் பதிவு மென்பொருள் வழியாகப் பொதுமக்களிடமிருந்து பிழை அறிக்கைகளை வாங்குகின்றன. தமிழ் எழுத்து தவறாகத் தெரிவதை அங்கே ஒழுங்காகப் பதிவு செய்து, அது ஏற்கப்பட்டால், உலகத்தில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய அனுபவச் சான்று அது. பதிவு செய்யும் முன் அதே பிழை ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

பொய் அனுபவம் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘மூன்றாண்டு அனுபவம் போட்டுத் தருகிறோம், சம்பளச் சீட்டும் தருகிறோம்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நிறுவனங்கள் சேர்ந்தபிறகும் பின்புலச் சரிபார்ப்பு செய்கின்றன. யூஏஎன் (பிஎஃப் கணக்குக்கான பொது எண்) வழியாக பிஎஃப் பதிவைப் பார்த்தால் எங்கே, எந்த மாதம் வேலை செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும். பிடிபட்டால் வேலை போவதோடு நிற்காது. அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பிலும் அது தொடரும். வேலைக்காக முன்பணம், வைப்புத்தொகை, ‘பின்வாசல்’ கட்டணம் கேட்கும் எவரையும் நம்பாதீர்கள். உங்கள் வீட்டார் நகையை அடகு வைத்துக் கொடுக்கும் பணம் அது.

நேர்காணல்

‘ஏடிஎம்மை எப்படிச் சோதிப்பீர்கள்?’ என்று கேட்டதும் சோதனைகளை அடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் நீங்கள் கேளுங்கள்: எந்தெந்த நோட்டுகள் வைக்கிறார்கள், ஒரு நாள் வரம்பு எவ்வளவு, வேறு வங்கி அட்டையும் உண்டா? பிறகு பிரித்துச் சொல்லுங்கள். 500 ரூபாய் நோட்டு மட்டும் இருக்கும்போது 700 கேட்டால்? கணக்கில் கழித்துவிட்டு, நோட்டு வெளிவரும் முன் மின்சாரம் போனால்? வெளிவந்த நோட்டை யாரும் எடுக்காவிட்டால்? பணம் தொடர்பான எதிலும் நடுவழியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ஸ்மோக் (புதிய பில்ட் அடிப்படையில் ஓடுகிறதா), சானிட்டி (மாற்றிய பகுதி சரியா), ரெக்ரஷன் (மாற்றம் பழையதை உடைத்ததா), ரீடெஸ்டிங் (திருத்திய பிழை போனதா) நான்கின் வேறுபாட்டை வரையறை சொல்லாமல் உதாரணத்தில் சொல்லப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகப் பேசுங்கள். தினமும் ஒரு பிழை அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி உரக்கப் படித்து வந்தால் வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் வந்துவிடும்.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்

முதல் வாரத்தில் பழைய பிழைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, கடைசி ஓராண்டில் மூடப்பட்டவற்றைப் படியுங்கள். எந்தப் பகுதி திரும்பத் திரும்ப உடைகிறது என்று அதில் தெரியும். எந்த ஆவணமும் இதைச் சொல்லாது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருப்பவரோடு வாரம் ஒருமுறை பேசுங்கள். மக்கள் எதற்குத் திட்டுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

உங்கள் பிழையை ‘மீண்டும் நிகழவில்லை’ என்று மூடினால் உடனே மீண்டும் திறக்காதீர்கள். பில்ட் எண் ஒன்றுதானா, கணக்கின் அனுமதிகள் ஒன்றுதானா, தரவு ஒன்றுதானா, கேஷ் (தற்காலிகமாகச் சேமித்த தரவு) அழிக்கப்பட்டதா, சாதனத்தின் நேர மண்டலம் என்ன என்று வரிசையாகப் பாருங்கள். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நமக்கு ஒரு தேதி, சர்வருக்கு முந்தைய தேதி. பகலில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது சிக்காது. கைபேசியின் கடிகாரத்தைக் காலை 5 மணிக்கு மாற்றி முயலுங்கள். அதில் வராவிட்டால், தேதியைச் சர்வர்தான் கணக்கிடுகிறது என்று பொருள். சோதனைச் சர்வரின் நேரத்தை மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். பிழை திரும்ப வந்தால் அந்த நேரத்தையும் படிகளில் சேர்த்து எழுதி, அதன்பின் அறிக்கையைத் திறங்கள்.